வெளிநாட்டு போஸ்டிங்: சேர்ந்து போவதா, பிரிந்திருப்பதா, பின்னால் போய்ச் சேர்வதா?

"ஜெர்மனிக்கு ஆர்டர் வந்திருக்கு அக்கா. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நானும் கிளம்புறதா, இல்ல அவர் மட்டும் போயிட்டு வரட்டும்னு இங்கேயே இருந்துடறதா?" அமெரிக்கப் படையில் கணவரோ மனைவியோ இருக்கும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். இந்தப் படி எவ்வளவு, அந்தப் படி எவ்வளவு, வாடகையில் எவ்வளவு மிஞ்சும் என்று. கணக்கு தேவைதான். ஆனால் விமானப்படைக்காரரான என் கணவரோடு ஜெர்மனியிலும் ஜப்பானிலும் குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில் நான் முதலில் திருப்பிக் கேட்பது வேறு: அவர் ஊரில் இல்லாத ஒரு சாதாரண வாரநாளில் நீங்களும் பிள்ளைகளும் எங்கே இருந்தால் சமாளிப்பீர்கள்?

குடும்பத்தோடு போகும் போஸ்டிங் என்று ஆர்டரில் இருந்தாலும் அவர் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று அர்த்தமில்லை. ஜப்பானின் யோகோசுகாவில் நிற்கும் கடற்படைக் கப்பல்கள் வருடத்தில் பல மாதங்கள் கடலில்தான் இருக்கும். ஜெர்மனியில் இருப்பவரைப் போலந்துக்கோ ருமேனியாவுக்கோ பயிற்சிக்கு அனுப்புவார்கள். அந்த நாட்களில் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை யார் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, பள்ளியிலிருந்து போன் வந்தால் யார் ஓடுவது, அவசரத்துக்குக் கதவைத் தட்ட அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் ஒப்பிடப் போகிறேன்.

உங்களுக்குத் தேர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

சில போஸ்டிங்குகளில் குடும்பத்துக்கு அனுமதியே கிடையாது. அவை பெரும்பாலும் 12 மாதம். அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. ஜெர்மனி, இங்கிலாந்து, ஜப்பானின் பெரும்பாலான படைத்தளங்கள் போன்ற இடங்களில்தான் உண்மையான தேர்வு வருகிறது. குடும்பத்தோடு போனால் 36 மாதம், தனியாகப் போனால் 24 மாதம் என்பது அங்கே வழக்கமான கணக்கு.

குடும்பத்தோடு போக கமாண்ட் ஸ்பான்சர்ஷிப் என்ற படையின் ஒப்புதல் வேண்டும். உங்கள் பெயரும் பிள்ளைகளின் பெயரும் ஆர்டரில் ஏறினால்தான் அரசுச் செலவில் பயணம், குடும்ப அளவுக்கான படிகள், தளத்துப் பள்ளியில் உறுதியான இடம், டிரைகேர் ஓவர்சீஸ் பிரைம் என்ற படைக் குடும்ப மருத்துவத் திட்டத்தில் சேர்க்கை எல்லாம். அதற்கு முன்பு ஒவ்வொருவருக்கும் மருத்துவப் பரிசோதனை நடக்கும். ஆஸ்துமா, ஆட்டிசம், மனநல சிகிச்சை, பேச்சுப் பயிற்சி என்று ஏதாவது இருந்தால், இ.எஃப்.எம்.பி. எனப்படும் சிறப்புத் தேவைப் பிரிவு போகிற தளத்தில் அந்த மருத்துவரோ ஆசிரியரோ இருக்கிறாரா என்று விசாரிக்கும். இல்லையென்றால் குடும்பப் பயணத்துக்கு அனுமதி மறுக்கப்படலாம்.

மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பிள்ளைக்கு நடக்கும் தெரபியைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அனுமதி மறுப்பது தண்டனை இல்லை. அந்த ஊரில் உங்கள் குழந்தைக்கு வேண்டியது கிடைக்காது என்று முன்கூட்டியே சொல்லும் செய்தி அது. மறைத்துவிட்டுப் போனால் அதே செய்தி நான்காவது மாதத்தில், சாமான்கள் எல்லாம் வந்து இறங்கிய பிறகு, அவர் பயிற்சியில் இருக்கும்போது உங்களிடம் வந்து சேரும்.

சேர்ந்து போவதும் பிரிந்திருப்பதும்

"36 மாதம் அந்நிய ஊரில் கிடப்பதற்கு 24 மாதம் பிரிந்திருந்து முடித்துவிடலாம்" என்பது பலர் போடும் முதல் கணக்கு. வித்தியாசம் ஒரு வருடம். ஆனால் அந்த 24 மாதத்தில் அவருக்குக் கிடைப்பது வருடத்துக்கு 30 நாள் விடுப்பு. கடல் தாண்டி வர விமான டிக்கெட் பெரும்பாலும் கைக்காசுதான். மூன்று வயதுக் குழந்தை ஐந்து வயதாகும்வரை அப்பாவைத் திரையில் பார்த்து வளரும். ஜப்பான் என்றால், இங்கே குழந்தை தூங்கப் போகும் நேரத்தில் அவர் அங்கே வேலையில் இருப்பார்.

பணத்தைப் பார்ப்போம். குடும்பம் அமெரிக்காவிலேயே இருந்தால் பி.ஏ.எச். என்ற வீட்டுவாடகைப் படி குடும்ப அளவில் தொடரும். எந்த ஊரின் விகிதத்தில் என்பதை மட்டும் நிதிப் பிரிவிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் தளத்துக் குடியிருப்பில் தங்கிக்கொள்வார். இதோடு குடும்பப் பிரிவுப் படியும் வரும் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் கணக்கில் சறுக்குகிறார்கள். முப்பது நாளுக்கு மேல் பிரிந்திருந்தால் கிடைக்கும் படி அது, உண்மைதான். ஆனால் குடும்பத்தை அழைத்துப்போக வழியிருந்தும் நாமாகவே தனிப் பணிக்காலத்தைத் தேர்ந்தால் பொதுவாகக் கிடைக்காது. குடும்பத்தில் ஒருவர் மருத்துவக் காரணத்தால் வர முடியாது என்று சான்று இருந்தால் அது வேறு. இந்த ஒரு வரி தெரியாமல் மாத வரவுசெலவு போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சேர்ந்து போனால் கோலா என்ற விலைவாசிப் படி உண்டு. நாணய மாற்று விகிதத்தைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். அதை நம்பி கார் கடனை வாங்காதீர்கள். உண்மையான பெரிய இழப்பு, உங்களுக்கு வேலை இருந்தால், அந்தச் சம்பளம். நம் பெண்களில் பலர் மென்பொருள் வேலையில் இருப்பவர்கள். "வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைதானே, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்" என்று நினைக்கிறார்கள். நிறுவனத்தின் அனுமதி ஒன்று. அந்த நாட்டின் வரி, வேலைச் சட்டம் இன்னொன்று. நம் குடும்பங்கள் அங்கே தங்குவது சோஃபா எனப்படும் படைநிலை ஒப்பந்தத்தின் கீழ். நேட்டோ நாடுகளுக்கு 1951 ஒப்பந்தம், ஜப்பானுக்கு 1960 ஒப்பந்தம். அந்த அந்தஸ்தோடு எந்த வேலையைச் செய்யலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். தளத்தில் உள்ள சட்ட அலுவலகத்திடம் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பிறகு மேலாளரிடம் பேசுங்கள். தளத்துக்குள்ளேயே வேலைகள் உண்டு, வாழ்க்கைத் துணைகளுக்கு முன்னுரிமையும் உண்டு. ஆனால் உங்கள் படிப்புக்கேற்ற வேலை அங்கே காத்திருக்கும் என்று எண்ணிக் கிளம்ப வேண்டாம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பத்து வயதுக்குக் கீழே இருந்து, மருத்துவத் தடை எதுவும் இல்லையென்றால், சேர்ந்து போங்கள். அவர் அடிக்கடி வெளியே போனாலும் திரும்பி வருவது உங்கள் வீட்டுக்கு. பிரிந்திருக்கும் ஏற்பாட்டில் அந்தத் திரும்பி வருதல் வருடத்துக்கு ஒரு முறை. தவிர, தளத்தில் உங்களைச் சுற்றி இருக்கும் எல்லாக் குடும்பங்களும் அதே நிலையில் இருப்பவை. ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் இருந்தபோது எங்கள் படிக்கட்டைப் பகிர்ந்த வீடுகளில் யாருடைய கணவர் ஊரில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சொல்லாமலே ஒருவர் குப்பைத் தொட்டியை வெளியே வைப்பார், ஒருவர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவார். அமெரிக்காவில் சாதாரண அபார்ட்மெண்டில் பிரிந்திருக்கும் மனைவிக்கு இது கிடைப்பதில்லை. அம்மாவோ அக்காவோ பக்கத்துத் தெருவில் இருந்தால் கதை வேறு. அப்படி இருந்தால் பிரிந்திருக்கும் பக்கமும் கனமாகத்தான் இருக்கிறது.

பிரிந்திருப்பது சரியாக அமையும் சூழல்கள் எனக்குத் தெரிந்து சிலவே. பிள்ளை உயர்நிலைப் பள்ளியின் கடைசி வருடத்தில் இருப்பது. ஆனால் அதற்கும் முதலில் போஸ்டிங்கையே ஒத்திவைக்கக் கேளுங்கள். கடைசி வருட மாணவர்களின் பெற்றோருக்கு ராணுவத்திலும் விமானப்படையிலும் அதற்கென்றே திட்டங்கள் இருக்கின்றன. நீங்கள் நர்சிங் படிப்பின் நடுவிலோ, மருத்துவப் பயிற்சியிலோ இருந்து, விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது என்ற நிலை. குடும்பத்தில் ஒருவருக்கு அங்கே கிடைக்காத சிகிச்சை நடப்பது. அல்லது, இதைச் சொல்லத் தயங்க வேண்டாம், உங்கள் இருவருக்கும் இடையில் ஏற்கெனவே பெரிய விரிசல் இருப்பது. புது ஊரும் தனிமையும் அதை ஒட்டவைக்காது.

பின்னால் போய்ச் சேர்வது

இந்த மூன்றாவது வழியைப் பலர் தேர்வாகவே எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் முன்னால் போவார், வீடு கிடைத்ததும் குடும்பம் அரசுச் செலவிலேயே பின்னால் போகும். சில சமயம் அங்கே வீடு இல்லாததால் படையே இப்படித்தான் அனுப்பும். சில சமயம் பிள்ளையின் பள்ளி ஆண்டு முடியட்டும் என்று நாம் கேட்டுக்கொள்ளலாம்.

இதில் பெரிய லாபம், முதல் சில வாரங்களின் கூத்து உங்கள் தலையில் விழாது. சேர்ந்து போகும் குடும்பம் வீடு கிடைக்கும்வரை தளத்து விடுதியில், பெரும்பாலும் ஒன்றிரண்டு அறைகளில், பெட்டிகளோடு இருக்கும். டி.எல்.ஏ. என்ற தற்காலிகத் தங்கும் படி பொதுவாக 60 நாள்வரை கைகொடுக்கும். ஆனால் நேர மாற்றத்தால் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து விளையாடும் இரண்டு குழந்தைகளோடு ஒரே அறையில் இருப்பதற்குப் பணம் மருந்தாகாது. பின்னால் போகும் குடும்பத்துக்கு வீடு, சாவி, சில சமயம் காரும்கூடத் தயாராக இருக்கும்.

நஷ்டம் என்னவென்றால், வீட்டைக் காலி செய்வதும், பேக்கர்களை மேய்ப்பதும், குழந்தைகளோடு நீண்ட விமானப் பயணமும் நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியவை. பவர் ஆஃப் அட்டர்னி பத்திரம் உங்கள் பெயரில் இல்லாவிட்டால் கார் அனுப்பும் இடத்திலும் வங்கியிலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டி வரும். அவர் கிளம்பும் முன் அதை எழுதி வாங்குங்கள். வீட்டைத் தேர்ந்தெடுப்பதும் அவர் பார்வையில்தான் நடக்கும். சமையலறையை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள், அலமாரிக் கதவுகளைத் திறந்து.

கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த வழியைத் தேதியோடு யோசிக்க வேண்டும். பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால், விமானத்தில் ஏற அனுமதிக்காத மாதம் வந்துவிடும்.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. கமாண்ட் ஸ்பான்சர்ஷிப் இல்லாமல் சொந்தச் செலவில் குடும்பத்தைக் கூட்டிப்போவது. நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தளத்துப் பள்ளியில் இடம் மிஞ்சினால்தான் சேர்க்கை, மருத்துவமனையிலும் அப்படியே. சாமான் போக்குவரத்து உங்கள் பொறுப்பு. எந்த அந்தஸ்தில், எத்தனை நாள் தங்கலாம் என்பதே சில நாடுகளில் சிக்கல். அவர் ஊரில் இல்லாத நாள் என்ற அளவுகோலில் இது முதல் சுற்றிலேயே தோற்றுப்போகிறது.

கிரீன் கார்டோடு இருப்பவர்கள் இதைத் தனியாகப் படியுங்கள்

நம் குடும்பங்களில் பலருக்கு இந்த முடிவில் மறைந்திருக்கும் கனமான விஷயம் குடியுரிமை. அரசுப் பயணத்துக்குத் தரும் கட்டணமில்லாப் பாஸ்போர்ட் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் வைத்திருப்பவர், போகிற நாட்டின் விசா வேண்டுமா என்பதை ஆர்டர் கையில் கிடைத்த வாரமே விசாரிக்க வேண்டும். கணவரின் பிரிவில் இருக்கும் எழுத்தருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். அவர் கையாளும் குடும்பங்களில் பெரும்பாலானவை முழுக்க அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருப்பவை.

"வெளிநாடு போனால் குடியுரிமைக்கான வருடங்கள் வீணாகிவிடுமே, நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்" என்று பிரிந்திருக்க முடிவெடுத்த பெண்கள் இருக்கிறார்கள். இது மட்டும்தான் காரணம் என்றால் நன்றாக விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். சட்டம் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. குடிவரவுச் சட்டத்தின் 319(பி) பிரிவின்படி, அமெரிக்கக் குடிமகனான கணவரின் வெளிநாட்டுப் பணிக்காக அவரோடு போகும் மனைவி, வழக்கமான மூன்று வருடக் காத்திருப்பு இல்லாமலே விண்ணப்பிக்கலாம். பணி முடிந்ததும் அமெரிக்காவுக்குத் திரும்பும் எண்ணம் இருக்க வேண்டும். 319(இ) பிரிவோ, ஆர்டரில் பெயரோடு படைவீரருடன் வெளிநாட்டில் வசிக்கும் காலத்தை அமெரிக்காவில் வசித்த காலமாகவே எடுத்துக்கொள்ளும். நேர்காணலையும் உறுதிமொழியையும் வெளிநாட்டிலேயே முடிக்கவும் இடமுண்டு. இரண்டுக்கும் அடிப்படை, உங்கள் பெயர் ஆர்டரில் இருப்பது. எந்தப் பிரிவு உங்களுக்குப் பொருந்தும் என்பதைத் தளத்துச் சட்ட அலுவலகத்தில் காசில்லாமல் கேட்கலாம். குடியுரிமை வாங்கியதும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, விசா இல்லாமல் ஊருக்குப் போய்வர ஓ.சி.ஐ. அட்டை எடுக்க வேண்டும் என்பதையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஊருக்கு அவசரமாகப் போக நேர்ந்தால் எந்தக் காகிதத்தில் போவது என்ற கேள்வி வந்துவிடும்.

தளத்துக்கு உள்ளேயா, வெளியேயா

சேர்ந்து போவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி இது. சில இடங்களில் உள்ளே வீடு காலியாக இருந்தால் வெளியே போக விடமாட்டார்கள். ஜப்பானின் ஒகினாவாவில் அப்படிப்பட்ட விதி உண்டு. மற்ற இடங்களில் தேர்வு உங்களுடையது.

உள்ளே இருந்தால் வாடகை, மின்சாரம் என்று கையிலிருந்து எதுவும் போகாது. அதற்குப் பதில் வாடகைப் படியும் வராது. பழுது பார்க்க ஒரு போன் போதும், ஆங்கிலத்தில். பள்ளி, மருந்தகம், கமிசரி என்ற தளத்து மளிகைக் கடை எல்லாம் பக்கத்தில். ஜெர்மனியில் தளத்து வீடுகளில் 230 வோல்ட் பிளக்கோடு பெரும்பாலும் 110 வோல்ட் பிளக்கும் இருக்கும்.

வெளியே என்றால் ஓ.எச்.ஏ. என்ற வெளிநாட்டு வாடகைப் படி. இது பி.ஏ.எச். மாதிரி இல்லை. உச்சவரம்புக்குள் உண்மையான வாடகை எவ்வளவோ அவ்வளவுதான் தருவார்கள். மலிவான வீடு பிடித்து மிச்சத்தைச் சேமிக்கலாம் என்ற அமெரிக்கப் பழக்கம் இங்கே செல்லாது. அதனால் வாடகையைக் குறைப்பதைவிட நல்ல இடத்தைப் பிடிப்பதில் அக்கறை காட்டுங்கள். குடியேறும் செலவுக்குத் தனிப் படியும் உண்டு. ஜப்பானில் வீட்டுக்காரருக்குத் திருப்பி வராத நன்றிப் பணம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதைப் போன்றவற்றுக்குத்தான் அது.

வெளியே குடியேறுவது எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ராம்ஸ்டைனுக்குப் பக்கத்திலுள்ள கைசர்ஸ்லாவுடர்னைச் சுற்றிய கிராமங்களில் நாங்கள் வீடு பார்த்தபோது, ஒரு வீட்டில் சமையலறை என்று காட்டிய அறையில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயும் அடுப்புக்கான மின்கம்பிகளும் மட்டும்தான். மேடை இல்லை, தொட்டி இல்லை, விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒயர். ஜெர்மனியில் அது வழக்கம்தான். குடியிருப்பவர் தன் சமையலறையைத் தானே கொண்டுவந்து, போகும்போது கழற்றிக்கொண்டு போவார். துணி அலமாரிகளும் சுவரோடு வராது. தளத்து வீட்டுவசதி அலுவலகம் அலமாரி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிரையர் போன்றவற்றைப் பணிக்காலம் முழுக்க இரவலாகத் தரும். ஆனால் சமையலறையே இல்லாத வீட்டை விட்டுவிட்டு வேறு பார்ப்பதுதான் நல்லது. ஒப்பந்தத்தில் ராணுவ விதி இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றல் வந்தால் அபராதமில்லாமல் வெளியேற வழிசெய்யும் விதி அது. கையெழுத்துப் போடும் முன் தாளை வீட்டுவசதி அலுவலகத்துக்கு எடுத்துப்போங்கள், அவர்கள் படித்துச் சொல்வார்கள்.

வெளியே இருப்பதன் சந்தோஷமும் பெரிது. பிள்ளை ஊர்ப் பிள்ளைகளோடு விளையாடும், நீங்கள் ரொட்டிக்கடையில் பேசப் பழகுவீர்கள். ஆனால் மீண்டும் அந்தக் கேள்விக்கே வருகிறேன். அவர் இல்லாத பிப்ரவரி வாரத்தில், காலையில் வாசல் நடைபாதையின் பனியை வாருவது குடியிருப்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். எண்ணெய்த் தொட்டி காலியாகி ஹீட்டர் நின்றால் ஜெர்மன் மொழியில் போன் செய்ய வேண்டியதும் நீங்கள்தான். நீங்கள் காரோட்டத் தயங்குபவர் என்றால், இதுதான் உங்கள் முதல் வெளிநாட்டுப் போஸ்டிங் என்றால், உள்ளே இருங்கள். பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தாலும் உள்ளேதான். நண்பர்கள் நடந்து போகும் தூரத்தில் இருப்பது அந்த வயதுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். சின்னப் பிள்ளைகள், கார் ஓட்டும் தைரியம், மொழி கற்கும் ஆசை மூன்றும் இருந்தால் வெளியே போங்கள், தளத்திலிருந்து இருபது நிமிடத் தூரத்துக்குள்.

பள்ளி, கார், சாமான், நாய்

பள்ளியில் எனக்குப் பெரிய குழப்பமில்லை. பாதுகாப்புத் துறையே நடத்தும் டோடியா பள்ளிகள் 1946 முதல் வெளிநாட்டுத் தளங்களில் இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுதான், மதிப்பெண் வரவும் கல்லூரி விண்ணப்பமும் தடைபடாது. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளை, வெளியே வீடு என்றால் ஊர்க் கிண்டர்கார்டனை முயன்று பாருங்கள். அந்த வயதில் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும்.

கார் விஷயத்தில் நாடு முடிவு செய்துவிடும். ஜெர்மனிக்கு ஒரு காரை அரசு கப்பலில் அனுப்பும். ஜப்பானுக்குப் பொதுவாக அனுப்பாது, அமெரிக்காவில் நிறுத்திவைக்கும் செலவை ஏற்கும். ஜப்பானில் தளத்தைச் சுற்றிப் பழைய கார்கள் மலிவாகக் கிடைக்கும், சாலை இடதுபக்கம். ஊரில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்குக் கை தானாகவே திரும்பும்.

சாமானுக்கு எடை வரம்பு பதவியைப் பொறுத்தது. குடும்பம் உள்ள, இ-5 என்ற ஊதிய நிலையில் இருப்பவருக்கு 9,000 பவுண்டு. கப்பலில் வரும் பெரிய சுமை மாதக்கணக்கில் எடுக்கும். அதற்கு முன் ஒரு சிறிய சுமை வேகமாக வரும், படுக்கை விரிப்பு, பாத்திரம், பிள்ளைகளின் பொம்மை இவற்றை அதில் போடுங்கள். மற்றவற்றை அரசுக் கிடங்கில் விட்டுவிட்டுப் போகலாம். ஜப்பான் வீடுகளின் மாடிப்படியில் பெரிய சோஃபா ஏறாது, அதை விட்டுவிடுவதே மேல். ஊரில் வாங்கிய 230 வோல்ட் மிக்ஸியும் கிரைண்டரும் உங்களிடம் இருந்தால் ஜெர்மனிக்குக் கட்டாயம் எடுத்துப்போங்கள், பிளக்கை மாற்றினால் ஓடும். ஜப்பானில் 100 வோல்ட், அங்கே அமெரிக்க மிக்ஸிதான்.

நாயோ பூனையோ இருந்தால் இன்றைக்கே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். ஜப்பானுக்கு மைக்ரோசிப், இரண்டு ரேபிஸ் ஊசி, ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு. ஆர்டர் வரட்டும் என்று இருந்தால் தேதி தாண்டிவிடும். 2024 ஜனவரி முதல் வெளிநாட்டு மாற்றலில் ஒரே ஒரு பிராணிக்கு மட்டும் 2,000 டாலர்வரை திரும்பப் பெறலாம். பால்டிமோரிலிருந்து ராம்ஸ்டைனுக்கும், சியாட்டிலிலிருந்து ஜப்பானின் யோகோட்டாவுக்கும் போகும் படையின் வாடகை விமானமான பேட்ரியாட் எக்ஸ்பிரஸில் பிராணிகளுக்கு இடம் குறைவு. டிக்கெட் போடும் நாளிலேயே கேளுங்கள்.

போய் இறங்கிய பிறகு

முதல் மாதம் ஓட்டத்தில் போய்விடும். எனக்குத் தெரிந்த பெரும்பாலானவர்களுக்குக் கஷ்டம் தொடங்குவது அதற்குப் பிறகு, வீடு அடங்கி, அவர் முதல் பயிற்சிக்குக் கிளம்பிய வாரத்தில். அதனால் சில வேலைகளை அவர் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த நாட்டில் கார் ஓட்டுவதற்கான தேர்வு. அவருக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கிவிட்டு உங்களுடையதைத் தள்ளிப்போட வேண்டாம். பிறகு அவசரநேரத்தில் போக வேண்டிய ஆஸ்பத்திரிக்கு நீங்களே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அவருடைய பிரிவு உங்களுக்கு ஒரு வழிகாட்டிக் குடும்பத்தை நியமிக்கும். அவர்கள் ஒட்டவில்லையென்றால் வேறு குடும்பம் கேட்கலாம். சாமான் வரும்வரை தட்டு, பாத்திரம், இஸ்திரிப்பெட்டி போன்றவற்றைத் தளத்துக் குடும்பநல மையம் இரவல் கொடுக்கும். மனம் கனத்துப்போனால் மிலிட்டரி ஒன்சோர்ஸ் என்ற படைக் குடும்ப உதவிச் சேவை வழியாகக் காசில்லாமல் ஆலோசகரிடம் பேசலாம். பதவி உயர்வைப் பாதிக்கும் என்று பயந்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள்.

வெளியேற நேர்ந்தால் என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானிலிருந்து விரும்பிய குடும்பங்களை அமெரிக்காவுக்கு அழைத்துப்போனார்கள். 2016 மார்ச்சில் துருக்கியின் இன்சிர்லிக்கிலிருந்து குடும்பங்கள் வெளியேற உத்தரவே வந்தது. பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, ஆர்டரின் நகல்கள் ஒரே பையில், கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் கையில் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கிரீன் கார்டும் அதே பையில்.

இன்னும் முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு, எந்த முடிவை மாற்ற முடியும் என்பதையும் பாருங்கள். தனியாகப் போனவர், போன பிறகு குடும்பத்தை வரவழைக்க மனு போடலாம். அனுமதி கிடைத்தால் அவரது பணிக்காலம் நீளும், பொதுவாக இன்னும் 12 மாதமாவது மீதமிருக்க வேண்டும். சேர்ந்து போய், ஒத்துவராமல் போனால், குடும்பத்தை முன்கூட்டியே அரசுச் செலவில் திருப்பி அனுப்பவும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். ஒரு முறை திரும்பிவிட்டால் அதே பணிக்காலத்தில் மறுபடி அரசுச் செலவில் கூட்டிப்போவது பெரும்பாலும் நடக்காது. அவர் மிச்ச நாட்களைத் தனியாக முடிக்க வேண்டியிருக்கும். எனவே சந்தேகம் பாதிக்குப் பாதி என்றால் பின்னால் போய்ச் சேரும் வழியைக் கேளுங்கள். அவர் இரண்டு மாதம் முன்னால் போய் ஊரையும் வீட்டையும் பார்த்துச் சொல்லட்டும். உங்கள் பெயர் மட்டும் ஆர்டரை விட்டு நீங்காமல் இருக்கட்டும்.